எட்டுப் பவுண்டு கிடார்

எட்டுப் பவுன் என்றால் நமக்கெல்லாம் உடனே நகைக்கடைதான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது தங்கத்தை அல்ல. இங்கிலாந்துப் பணத்தில் எட்டுப் பவுண்டு. ஏறக்குறைய அவ்வளவுதான் செலவு. அந்தச் செலவில் ஓர் அப்பாவும் அவருடைய ஒரே பிள்ளையும் சேர்ந்து, வீட்டிலேயே, கையாலேயே ஒரு மின்சாரக் கிடாரைச் செய்து முடித்தார்கள். 1963-ஆம் வருஷம் தொடங்கிய வேலை. முடிய இரண்டு வருஷம் போல ஆயிற்று. அந்தப் பிள்ளை பிற்பாடு உலகமெல்லாம் சுற்றினார். லட்சக்கணக்கான ஜனங்கள் முன்னால் வாசித்தார். எத்தனையோ விலையுயர்ந்த கிடார்களை வாங்கும் வசதி வந்தது. ஆனாலும் எழுபது வயதைத் தாண்டிய பிறகும் மேடைக்கு அவர் எடுத்துக்கொண்டு வந்தது அந்த எட்டுப் பவுண்டு கிடாரைத்தான்.

அவர் பெயர் பிரையன் மே. 'க்வீன்' என்ற ராக் இசைக்குழுவின் கிடார் வித்வான். பெயர் தெரியாவிட்டாலும் அவர் எழுதிய ஒரு பாட்டு உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. கிரிக்கெட் மைதானத்தில் இரண்டு தடவை காலைத் தட்டி ஒரு தடவை கையைத் தட்டுவார்களே, அது 1977-ல் வந்த 'வி வில் ராக் யூ' என்ற அவருடைய பாட்டுதான். அதில் வேடிக்கை என்னவென்றால், பாட்டு முழுக்கக் காலும் கையும் குரலும்தான். எழுதியவர் கிடார்காரர், கிடாரோ கடைசியில்தான் வந்து சேரும்!

எனக்கு இங்கிலீஷ் பாட்டில் பரிச்சயம் கிடையாது. ஹைஸ்கூல் படிப்போடு நின்றவள் நான். எங்கள் மூத்த பையன் கிடார் வாசிக்கிறவன். நான் வெங்காயம் உரிக்கும்போதும் கீரை ஆயும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பான். அப்படித்தான் இந்தக் கதை என்னிடம் வந்தது. முதலில் அரைக் காதில்தான் கேட்டேன். "அம்மாவோட தையல் பெட்டியிலிருந்து பொத்தானை எடுத்து அதுல பதிச்சாங்கம்மா" என்று அவன் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் நானே தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன்.

லண்டன் பக்கத்தில் ஃபெல்தம் என்ற ஊரில் இருந்த சாதாரணக் குடும்பம் அது. அப்பா ஹெரால்டு மே, விமானத் துறை அமைச்சகத்தில் மின்னணுச் சாதனங்களுக்கு வரைபடம் போடும் வேலை. வீட்டில் எதையும் கடையில் வாங்குவதற்கு முன்னால் "நாமே செய்ய முடியுமா?" என்று பார்க்கிற மனுஷர். பையனுக்கு உகுலேலி என்ற குட்டித் தந்தி வாத்தியத்தில் முதல் பாடம் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். பையனின் ஏழாவது பிறந்த நாளுக்கு ஒரு சாதாரண மரக் கிடார் கிடைத்தது. கொஞ்சம் வளர்ந்ததும் மின்சாரக் கிடார் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து வரும் கிடார்கள் கடை ஜன்னலில் தொங்கும். அந்தச் சம்பளத்துக்கு அது எட்டாக்கனி. "சரி, செய்துவிடலாம்" என்று அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்துவிட்டார்கள். பையனுக்கு அப்போது வயது பதினாறு.

மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? குளிர் நாடுகளில் வீட்டுக்குள் கணப்பு மூட்டிக் குளிர்காய்வார்களே, அந்தக் கணப்புக்கு மேலே அலங்காரமாக ஒரு மரச் சட்டம் இருக்கும். தெரிந்தவர்கள் வீட்டில் அப்படி ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேலான மஹாகனி. அதிலிருந்துதான் கிடாரின் கழுத்து. பேனாக் கத்தியால் சீவிச் சீவி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து உருண்டையாக்கினார்கள். பழைய மரமாயிற்றே, வண்டு துளைத்த ஓட்டைகள் இருந்தன. அவற்றைத் தீக்குச்சியை வைத்து அடைத்தார்கள்! இன்றைக்கும் அந்தக் குச்சிகள் அதற்குள் இருக்கின்றன. உடம்புக்கு ஒரு பழைய மேஜையின் ஓக் மரம். சுற்றிலும் பலகைத் துண்டுகள். மேலே மெல்லிய மஹாகனித் தகடு ஒட்டி மறைத்துவிட்டார்கள். ஓரத்துக்கு அலமாரி விளிம்பில் ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை.

வீணையில் மெட்டுகள் இருக்கின்றன அல்லவா, அதே மாதிரி கிடாரின் கழுத்திலும் குறுக்கே உலோக மெட்டுகள் உண்டு. இதில் இருபத்துநான்கு. (வீணைக்கும் இருபத்துநான்குதான். இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது என் பையனே கொஞ்சம் அசந்துபோனான்.) எந்த மெட்டில் விரல் இருக்கிறது என்று தெரிவதற்காக இடையிடையே வெள்ளைப் புள்ளிகள் வைப்பார்கள். அந்தப் புள்ளிகள்தான் அம்மா ரூத்தின் தையல் பெட்டியிலிருந்து வந்த முத்துச் சிப்பிப் பொத்தான்கள்.

அம்மாவின் பங்கு அதோடு நிற்கவில்லை. கிடாரில் ஒரு கைப்பிடிக் கம்பி உண்டு. அதை அமுக்கினால் எல்லாத் தந்திகளும் ஒன்றாகத் தளர்ந்து, சுருதி குழைந்து இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு ஏறும். நம் பாட்டில் கமகம் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்தக் கம்பி சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் பையை மாட்டும் தாங்கியிலிருந்து எடுத்தது. அதன் நுனியில் விரல் படும் இடத்துக்கு அம்மா ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் நுனி. இந்த அமைப்பு ஒரு கத்தி முனையின் மேல் தராசு மாதிரி ஆடும். ஒரு பக்கம் ஆறு தந்திகளும் இழுக்கின்றன. மறு பக்கம் இரண்டு ஸ்பிரிங்குகள் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த ஸ்பிரிங் 1928-ஆம் வருஷத்து 'பாந்தர்' மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்! கடையில் வாங்கும் கிடார்களில் அந்தக் காலத்தில் இப்படிக் கம்பியை ஆட்டினால் தந்தி எங்காவது உரசி நின்றுவிடும், சுருதி கலைந்துவிடும். உரசல்தான் எதிரி என்று கண்டுபிடித்துத் தந்தி தாங்கும் இடத்தில் சின்னச் சின்ன உருளைகளை அவர்களே கடைந்து வைத்தார்கள். அதனால் எவ்வளவு ஆட்டினாலும் சுருதி திரும்பி வந்து நிற்கும்.

இனி மின்சாரச் சமாசாரம். மின்சாரக் கிடார் என்றால் ஏதோ பிளக்கில் செருகினால் அதுவே பாடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். தந்திக்குக் கீழே ஒரு காந்தம்; காந்தத்தைச் சுற்றித் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். எஃகுத் தந்தி அதன் மேலே அதிர்ந்தால், அந்தச் சுருளில் துளியூண்டு மின்சாரம் பிறக்கும். அந்தத் துளியைப் பெரிதாக்கி ஸ்பீக்கரில் கொடுப்பது ஆம்ப்ளிஃபயரின் வேலை. இந்தச் சுருளுக்குப் பெயர் 'பிக்கப்'. பையன் அதையும் தானே செய்தார். சுற்றுவதற்கு ஒரு கைராட்டினம் மாதிரி கருவியும் அவரே செய்துகொண்டார். சத்தம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் தந்தியை விரலால் பக்கவாட்டில் வளைத்து இழுக்கும்போது ஏதோ ஒரு கரகரப்பு. காந்தங்களின் வடக்கு தெற்கு முனைகள் அமைந்த விதம் அப்படி. வேறு வழியில்லாமல் 'பர்ன்ஸ்' கம்பெனியின் பிக்கப் மூன்றை மட்டும் கடையில் வாங்கிப் பொருத்தினார். அவையும் கீச்சிடாமல் இருக்க உள்ளே அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கினார். நம் வீட்டில் உடைந்த ஜாடி மூடியை ஒட்டுவோமே, அதே அரால்டைட்தான்.

மூன்று பிக்கப்புக்கும் தனித்தனியாக இரண்டிரண்டு சுவிட்சுகள். ஒன்று, அதை உள்ளே சேர்ப்பதா வேண்டாமா என்பதற்கு. இன்னொன்று, அதன் மின்சார அலையைத் தலைகீழாகத் திருப்புவதற்கு. இந்த ஆறு சுவிட்சுகளையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரே கிடாரில் பல குரல்கள் கிடைக்கும். புளி, காரம், பெருங்காயம் எல்லாம் அதேதான். அளவு மாறினால் சாம்பாரும் ரசமும் வேறு வேறாகிவிடுகிறதே, அது போலத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்தில் மைக் திடீரென்று 'கூ...ய்' என்று கத்தும். ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்கில் புகுந்து சுற்றிச் சுற்றி வருவதால் ஏற்படும் கூச்சல் அது. கிடாரிலும் அது வரும். மற்றவர்கள் அதைக் குறை என்று நினைத்த காலத்தில், இவர்கள் அதைப் பாட்டாகவே ஆக்கலாம் என்று யோசித்து, கிடாரின் உடம்புக்குள்ளே வேண்டுமென்றே வெற்றிடம் விட்டுச் செய்தார்கள். கத்த வேண்டிய இடத்தில் கத்தட்டும், ஆனால் நாம் சொன்னபடி கத்தட்டும் என்பது எண்ணம். பதினாறு வயதுப் பையனுக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

மரத்தின் செந்நிறத்தால் அதற்கு 'ரெட் ஸ்பெஷல்' என்று பெயர் வந்தது. தந்தியை மீட்ட எல்லாரும் பிளாஸ்டிக் வில்லையைப் பயன்படுத்துவார்கள். இவருக்கு அது நெகிழ்ந்து கொடுக்கிறது என்று பிடிக்கவில்லை. ஆறு பென்னி நாணயத்தால் மீட்ட ஆரம்பித்தார். நாணயத்தின் ஓரத்தில் வரிவரியாக இருக்கிறதே, அது தந்தியில் உரசும்போது வார்த்தை உச்சரிப்பது மாதிரி ஒரு தொனி வரும். இங்கிலாந்தில் அந்தக் காசு 1980-ல் செல்லாக் காசாகிவிட்டது. இவர் மட்டும் விடவில்லை. 1993-ல் அவருடைய சுற்றுப்பயணத்துக்காக அரசாங்க நாணயச் சாலையே அவர் முகத்தைப் பொறித்து ஆறு பென்னிக் காசுகளை அடித்துக் கொடுத்தது. செல்லாக் காசுக்கு வந்த யோகம்!

க்வீன் குழு 1970-ல் ஆரம்பம். அதன் பாடகர் ஃப்ரெடி மெர்குரி, நம் நாட்டுப் பார்சி வம்சத்தவர். ஜான்ஜிபாரில் பிறந்து, மகாராஷ்டிரத்தில் பஞ்ச்கனி பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்தவர். குழுவில் ஜான் டீக்கன் என்று இன்னொருவர். மின்னணுப் படிப்புப் படித்தவர். தெருவில் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சின்ன சர்க்யூட் அட்டையைப் பொறுக்கி வந்து, சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து, பாட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செய்தார். அதில் சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகுகூடக் கிடையாது. கணப்புச் சட்டத்துக் கிடாரும் குப்பைத் தொட்டி ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தபோது புல்லாங்குழல் மாதிரி, எக்காளம் மாதிரியெல்லாம் குரல் வந்தது. 1975-ல் வந்த 'குட் கம்பெனி' என்ற பாட்டில் ஒரு முழு பாண்டு வாத்தியக் கோஷ்டியே வாசிப்பது போல இருக்கும். அத்தனையும் அந்த ஒரே கிடார். ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தது. பையன் போட்டுக் காட்டியபோது நான் நம்பவில்லை. மூன்று தடவை கேட்டேன்.

மற்றக் கிடார்களை அவர் தொடவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1976-ல் ஒரு பாட்டுக்குப் பன்னிரண்டு தந்தி உள்ள பர்ன்ஸ் கிடார் வாசித்திருக்கிறார். 1979-ல் 'கிரேசி லிட்டில் திங் கால்டு லவ்' என்ற பாட்டுக்குப் பழைய காலத்து மோஸ்தரில் சத்தம் வேண்டும் என்று பதிவு செய்தவர் வற்புறுத்தியதால், குழுவின் டிரம் வித்வானுடைய டெலிகாஸ்டர் கிடாரை இரவல் வாங்கி வாசித்தார். அரை மனசாகத்தான் ஒப்புக்கொண்டாராம். நாத்தனார் புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது போல இருந்திருக்கும். புடவை நன்றாகத்தான் இருக்கும், நமக்குத்தான் ஒட்டாது.

ரெட் ஸ்பெஷலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருக்கத்தானே செய்யும்? அதனால் அதே மாதிரி இரண்டாவது ஒன்றை ஜான் பர்ச் என்ற கைவினைஞரிடம் செய்து வாங்கினார். பார்வைக்கு ஜாடை இருந்தது, குணம் வரவில்லை. 1982-ல் அமெரிக்காவில் ஒரு கச்சேரியில் நல்ல கிடாரின் தந்தி அறுந்துபோக, இதை எடுத்தார். இது சுருதி நிற்காமல் படுத்தியது. ஆத்திரத்தில் தூக்கி வீசிவிட்டார், உடைந்தது. சாதுவான மனுஷர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். சாது மிரண்டால்... அவ்வளவுதான். பிற்பாடு தொண்ணூறுகளில் கிரெக் ஃப்ரையர் என்ற ஆஸ்திரேலியக் கைவினைஞர், மூலக் கிடாரை அணு அணுவாக அளந்து மூன்று பிரதிகள் செய்தார். அவை தேறின. 1998-ல் மூலக் கிடாரையே பிரித்து, தேய்ந்த இடங்களைச் செப்பனிட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

உடம்பு விஷயமும் இந்தக் கதையில் உண்டு. 1974-ல் ஆஸ்திரேலியா போவதற்காகத் தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்ட இடம் சீழ் வைத்து, கை அழுகும் நிலைக்குப் போய்விட்டது. கையை எடுக்க வேண்டியிருக்குமோ என்று பயந்தார்களாம். அது தேறி, அதே வருஷம் அமெரிக்கா போனால் அங்கே மஞ்சள் காமாலை. பாதியில் ஊர் திரும்பினார்கள். அதற்கப்புறம் குடல் புண். மற்ற மூவரும் அடுத்த இசைத்தட்டைப் பதிவு செய்யும்போது, "இங்கே பிரையனின் கிடார்" என்று இடம் விட்டு விட்டு வாசித்துவைத்திருக்கிறார்கள். இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அந்த இடங்களை நிரப்பினார். சாப்பாட்டு ஓய்வு, தூக்கம் எதுவும் ஒழுங்கில்லாத பிழைப்பு. என் பையனிடம் இந்த இடத்தை மட்டும் நான் இரண்டு தடவை சொன்னேன்!

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். கிடாரைச் செய்து கொடுத்த அந்த அப்பா இருக்கிறாரே, ஹெரால்டு மே, அவருக்குப் பிள்ளை கிடார் வாசித்துப் பிழைப்பதில் இஷ்டம் இல்லை. பிரையன் படிப்பில் கெட்டி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கி, வான இயலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சூரியனைச் சுற்றி வானவெளியில் மிதக்கும் தூசியைப் பற்றிய ஆராய்ச்சி. நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடமும் சொல்லிக் கொடுத்தார். 1974-ல் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் பாட்டுக்காரனாகக் கிளம்பிவிட்டார். அப்பாவுக்குத் தாங்க முடியவில்லை. சில காலம் இருவருக்கும் சரியான பேச்சே இல்லை.

எனக்கு ஹெரால்டு மேல் கோபம் வரவில்லை. கிடார் செய்தது ஓய்வு நேரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் சந்தோஷத்துக்கு. அதுவே பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும் என்று அவர் கண்டாரா? சிக்கனமாக இருந்து படிக்க வைத்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். பிரையன் மேலும் எனக்குக் கோபம் இல்லை. கையில் கொடுத்ததை வாசிக்கத்தானே செய்வான்?

எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் நடந்துகொண்டிருக்கிறது. என் கணவர் மில்லில் ஃபிட்டர். பையன் முதன்முதலில் பழைய மின்சாரக் கிடார் ஒன்றை வாங்கி வந்தபோது, அறுந்துபோயிருந்த ஒயரைச் சால்டர் வைத்து ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான். பி.எஸ்ஸி. முடித்தவன் பி.எட். சேராமல் மெல்லிசைக் குழுவோடு ஊர் ஊராகப் போகிறேன் என்றதும், அன்றோடு பேச்சு நின்றது. மூன்று மாதமாக நான்தான் தபால்காரி. "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்பார், அவன் எதிரிலேயே நிற்கும்போது. "வண்டிச் சாவி எங்கேன்னு அப்பாகிட்ட கேளும்மா" என்பான் அவன்.

ஒரு நாள் ராத்திரி அவர் சாப்பிட உட்கார்ந்தபோது இந்தக் கிடார்க் கதையை மெதுவாக எடுத்தேன். பாட்டு, மேடை எதையும் பேசவில்லை. கணப்புச் சட்டத்தையும் தீக்குச்சியையும் ஸ்பிரிங்கையும் பற்றி மட்டும் சொன்னேன். கேட்காத மாதிரிதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வால்வு ஸ்பிரிங்கா? மோட்டார் சைக்கிளுதா?" என்றார் திடீரென்று.

"ஆமாங்க. ரெண்டு போட்டாங்களாம்."

"ஆறு தந்தி இழுப்பை ரெண்டு ஸ்பிரிங் தாங்கணும்னா கணக்கு சரியாப் போட்டிருக்கணுமே. அப்பன்காரன் வேலை தெரிஞ்சவன்தான்." சோற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "படம் கிடம் இருந்தா காட்டச் சொல்லு."

"யாரைங்க?" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"எல்லாம் உன் பிள்ளையைத்தான்."

பையனிடமிருந்து போனை வாங்கி வந்து கொடுத்தேன். இடது கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஸ்பிரிங் இருக்கும் இடத்தைப் பெரிசாக்கிப் பார்க்கத் தெரியாமல் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். வாசல்படியில் நின்றிருந்த பையன் வந்து, குனிந்து, இரண்டு விரலால் படத்தை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டான். பேச்சு ஒன்றும் இல்லை. அவர் வெகு நேரம் பார்த்தார். மோர் ஊற்றிக்கொள்ளவில்லை.

ஹெரால்டு கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1977-ல் பிரையன் தன் அப்பா அம்மாவை 'கான்கார்டு' விமானத்தில் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார். சத்தத்தைவிட வேகமாகப் போகும் விமானம். அதற்கான வேலையில் ஹெரால்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதுவரை அவர் அதில் ஏறியதில்லை. நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற பெரிய அரங்கில் க்வீனின் கச்சேரி. ஜனங்கள் நிரம்பி வழிகிறார்கள். மேடையில் பிள்ளையின் கழுத்தில் தொங்குவது தன் கைபட்ட மரம். கச்சேரி முடிந்ததும், இப்போது புரிகிறது என்று அப்பா ஒப்புக்கொண்டதாகப் பிரையன் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு.

ஹெரால்டு 1988-ல் காலமானார். 1991 நவம்பரில் ஃப்ரெடி மெர்குரியும் எய்ட்ஸ் நோயில் போய்விட்டார். அந்த வருஷங்களில் தனக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்ததைப் பிரையன் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆண்கள் இதையெல்லாம் வெளியே சொல்வதில்லை. சொன்னாரே என்றிருந்தது எனக்கு.

கிடார் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. 2002 ஜூன் 3-ஆம் தேதி, எலிசபெத் மகாராணி பட்டத்துக்கு வந்து ஐம்பது வருஷமான விழாவில், பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டை மாடியில் ஒற்றை ஆளாக நின்று தேசிய கீதத்தை இதே கிடாரில் வாசித்தார். தீக்குச்சி அடைத்த கழுத்து அரண்மனைக் கூரை ஏறிவிட்டது! 2007-ல், முப்பது வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்த ஆராய்ச்சியை முடித்து, அதே இம்பீரியல் கல்லூரியில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். ஹெரால்டு இருந்திருந்தால் எதற்கு அதிகம் சந்தோஷப்பட்டிருப்பார், கூரைக்கா பட்டத்துக்கா என்று என் கணவரிடம் கேட்டேன். "ரெண்டுக்கும்தான். ஆனா வெளியே சொல்லியிருக்க மாட்டான்" என்றார்.

2020-ல் பிரையனுக்கு ஒரு சின்ன மாரடைப்பு. ரத்தக் குழாயில் மூன்று ஸ்டெண்ட் வைத்தார்கள். 2024-ல் லேசான பக்கவாதம் வந்து, சில நாட்கள் இடது கை சொன்னபடி கேட்கவில்லை. கிடார்காரருக்கு இடது கைதான் மெட்டின் மேல் நடக்கும் கை. ரெட் ஸ்பெஷலின் கழுத்தோ மற்றக் கிடார்களைவிடத் தடிமன்; அப்பாவும் பிள்ளையும் பேனாக் கத்தியால் சீவி, இது போதும் என்று விட்ட அளவு அது. அந்தச் செப்டம்பரில் அவரே ரசிகர்களுக்குச் செய்தி சொன்னார்: கை திரும்பி வந்துவிட்டது, கிடார் வாசிக்க முடிகிறது என்று.